நவமணியின் நோட்டில் எழுதாத ஒரு விளக்கம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பக்கத்து வீட்டு நவமணியின் நோட்டிலிருந்து எடுத்தது. அதில் பாதி என் கையெழுத்து என்பதால் முழுத் திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது.

சுண்ணாம்பு மலைகள் சூழ்ந்த ஈப்போ நகரில், ஓர் இளங்காலையில்

(வேண்டாம். இந்தக் கதையில் மலைக்கு வேலையே இல்லை.)

2

நவமணிக்கு நாற்பத்தாறு வயது. ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருட வேலை. சூப்பர்வைசர் பதவிக்கு நேர்முகத் தேர்வு, எல்லாம் இங்கிலீஷில். பேசும் அளவுக்கு அவளுக்கு வரும். ஆனால் போன தடவை அவளை முந்திக்கொண்டு போனவன் பெரிய பெரிய வார்த்தையாக எடுத்து விட்டானாம். அதனால் தினம் ஒரு கனமான சொல். சொல் அவள் பொறுப்பு, தமிழில் விளக்கம் என் பொறுப்பு.

"போன்ல பாத்தா ஒரு இங்கிலீஷுக்கு இன்னும் நாலு இங்கிலீஷ் சொல்லுதுண்ணே. நீங்களே எழுதிக் குடுங்கலா."

எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு மனதில் நிற்கவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. பெரட்டில்* கூப்பிடும் பெயர் ஒன்று, குடியிருக்கும் லயத்து வீடுகளில் கூப்பிடும் பெயர் வேறு. ஆகவே ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் தெரிந்த யாருக்காவது பட்டப்பெயராக வைத்தாள். 'ஒப்ஸ்டினேட்: யார் சொன்னாலும் பிடித்த பிடியை விடாதவர்.' எதிரே புருஷன் உடையப்பன் பெயர். அந்தச் சொல் அப்புறம் மறக்கவேயில்லை.

(என் பெயர் எந்தச் சொல்லுக்கு எதிரே இருந்தது என்பது கதைக்குத் தேவையில்லாதது.)

* பெரட்டு: விடிகாலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பாருங்கள், விளக்கம் எழுதும் வியாதி என்னை விடுவதாயில்லை.

3

'கேருலஸ்: எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் ஓயாது பேசுபவர்.' எதிரே எல்ஸி அக்கா.

(ஓயாது பேசுபவர் என்பதுதான் அகராதி. முன்பாதி, ருசிக்காக நான் சேர்த்தது.)

எல்ஸி அக்காவுக்கும் அதே தொழிற்சாலைதான். பதினோரு வருடமாகப் புந்தோங்கிலிருந்து நவமணியைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர். வழியெல்லாம் பேச்சு: மகள் ஷார்மேனுக்கு வந்த வரன், சர்ச் பாட்டுக் குழுச் சண்டை, மீன் விலை. ஒரு நாள் கேன்டீன் மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. தன் பெயரைப் பார்த்தார், பக்கத்திலிருந்த விளக்கத்தையும் படித்தார். என் புண்ணியத்தில் அது நல்ல தமிழில் இருந்தது.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு மோட்டார் வந்தது. ஜெலாப்பாங் வரை ஒரு வார்த்தை இல்லை.

"மழ வரும் போல இருக்குக்கா" என்றாள் நவமணி.

ஹெல்மெட் அசையவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அந்தச் சாலை அவ்வளவு நீளம் என்பது நவமணிக்கு அன்றுதான் தெரிந்தது. இறங்கும்போது அழுகை வந்துவிட்டது.

4

நான் யோசித்து வைத்திருந்த முடிவு: சிவப்பு விளக்கில் மோட்டார் நிற்கிறது. எல்ஸி அக்கா மெல்லத் திரும்பி

நவமணியிடம் வாசித்துக் காட்டினேன்.

"பொய்லாண்ணே. வண்டில இருக்கப்ப அக்கா திரும்பவே மாட்டாங்க."

சரி, நடந்ததையே சொல்கிறேன். இன்றுதான் தேர்வு. காலையில் நோட்டோடு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. நேற்று எல்ஸி அக்கா நோட்டை வாங்கிக்கொண்டு போய், சற்று முன் திருப்பிக் கொடுத்தாராம். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சொல்: 'இன்கிரேட்.' எதிரே நவமணியின் பெயர். விளக்கம் எழுதும் இடம் காலி.

"எனக்கும் ஒண்ணு வச்சிட்டாங்கண்ணே, கிரேட்னு வேற வருது. அக்காக்குக் கோவம் போயிருச்சு. இன்டர்வியூல உங்களப் பத்திச் சொல்லுங்கன்னா, மொதல்ல இதத்தான் சொல்லப் போறேன். அர்த்தம் மட்டும் எழுதுங்க."

நன்றி கெட்டவர் என்று அர்த்தம்.

அதை எழுதினால் அழுத கண்ணோடு தேர்வுக்குப் போவாள். இனிப்பாக வேறு எதையாவது எழுதினால், மேனேஜர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன்னை நன்றி கெட்டவள் என்று சொல்லிவிட்டு வருவாள். வாசலில் எல்ஸி அக்கா மோட்டாரை அணைக்காமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றி விட்டிருக்கிறார். ஏதோ சொல்ல வாயெடுப்பது போலவும் இருக்கிறது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

இதுவரை எல்லா விளக்கத்தையும் நான்தான் எழுதினேன், அதன் லட்சணத்தையும் பார்த்துவிட்டீர்கள். இந்தாருங்கள் பேனா. எட்டரைக்குத் தேர்வு, சீக்கிரம் எழுதுங்கள்.

இன்கிரேட்: ........................