புளி போட்டுத் தேய்த்த காலணா

காலையிலிருந்து டோனியின் மெட்டல் டிடெக்டர் வாய் ஓயாமல் கத்திக்கொண்டுதான் இருந்தது. தோண்டிப் பார்த்தால் எல்லாம் போல்ட்டு, நட்டு, சோடா மூடி. வீட்டுக்கு வீடு லாரி ஓட்டுகிற சீமையில் மண்ணுக்குள் வேறென்ன இருக்கும்! சேலத்தில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே இரும்போடு மல்லுக்கட்ட வேண்டும் என்று விதி. ஒரே ஒரு பழைய காசைத் தன் கையால் மண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இரண்டு வருஷமாக அது மட்டும் வாய்க்கவில்லை. "பூசை முடிஞ்சு ஊரே கறிக்கடைக்குப் போகுது, நீங்க காயலான் கடைக்குக் கெளம்பிட்டீங்க" என்று அவன் மனைவி லிடியா இன்றைக்கும் சிரித்தபடிதான் வழியனுப்பினாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காடு அது. குச்சிக்கிழங்கு பிடுங்கிய மண் பொலபொலவென்று கிடந்தது. நாளைக்கு உழவு. அதற்குள் தேடிக்கொள்ளட்டும் என்று காட்டுக்காரி பழனியம்மாள் சம்மதித்திருந்தாள். கிடைப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு அவளிடமே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவனைவிட அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேலையைப் போட்டுவிட்டு வந்து வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எதாச்சும் ஆப்டுச்சுங்களா?"

"இல்லீங்கக்கா."

வந்தவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி அவள் முகம் வாடிவிடும்.

மத்தியானம் அவனைச் சோற்றுக்கு உட்கார வைத்துவிட்டு, "ஆட்டைப் பாத்துட்டு வாரேன் சாமி" என்று போனாள். திரும்பியவள் வரப்பிலேயே நின்று கேட்டாள்: "அந்த வேப்பமரத்துக்குக் கெழக்கால பாத்தீங்களா? பாக்காம போயிராதீங்க."

போனான். டிடெக்டர் கணீரென்று கத்தியது. ஒரு கை மண்ணைத்தான் விலக்கினான். ஓட்டைக் காலணா! நெஞ்சு குதித்தது. துடைக்கலாம் என்றால் துடைக்க ஒன்றுமில்லை. காசு புதுச் செப்புக்குடம் போலப் பளபளத்தது. முகர்ந்து பார்த்தான். புளி வாசம். ஓட்டையில் ஒரு புளி நார்கூட ஒட்டியிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மண்ணில் புதைக்கப்போகிற காசைக்கூட அழுக்காகக் கொடுக்க மனசு வரவில்லையே இந்த மனுஷிக்கு! காட்டிக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"அக்கா, ஆப்டுருச்சு!"

பழனியம்மாள் ஓடி வந்தாள். "பழசுங்களா?"

"ரொம்பப் பழசுங்க."

"நீங்களே வெச்சுக்கங்க சாமி. உங்க ராசி." அவளுக்கு வாயெல்லாம் பல்.

காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க" என்று டிடெக்டரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான். வாசல் கூட்டுகிற மாதிரி அதை இப்படியும் அப்படியும் வீசினாள். அதே குழிக்கு மேல் வந்ததும் அது மறுபடி கத்தியது.

"அங்க நான் ஒண்ணுதானுங்களே வெச்சேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டோனி அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"ஊட்டு உண்டியல்ல கெடந்ததுங்க. நம்ம காட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போறீங்களேன்னு..."

டிடெக்டர் மட்டும் நிறுத்தவில்லை. இருவரும் மண்டியிட்டார்கள். ஒரு சாண் ஆழத்தில் டோனியின் விரலில் ஏதோ இடறியது. கறுப்பாக, வட்டமாக, மண் அப்பிக்கொண்டு. காசாகவும் இருக்கலாம், லாரி வாஷராகவும் இருக்கலாம். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

"இருங்க, ஓடிப்போயி புளி கொண்டாரேன்."

"ஐயோ, வேண்டாங்கக்கா! தேச்சா எழுத்தெல்லாம் போயிரும்."

பழனியம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். அவன் உள்ளங்கைக்கு மேல் குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவது போல மெல்ல ஊதினாள். மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.