பிளக்ஸில் நின்ற மாப்பிள்ளை

காரிமங்கலத்தில் எங்கள் கல்யாண மண்டபத்து வாசலில் வைத்த பிளக்ஸில் என் படம் தபால்தலை அளவு. மாப்பிள்ளை பூவரசனின் படம் ஆள் உயரம். அதுவும் கல்யாணத்துக்கென்று எடுத்ததில்லை. குடிதண்ணீர் வரவில்லை என்று நடுரோட்டில் காலிக்குடங்களை அடுக்கி, பஸ்ஸை மறித்து, கையை ஓங்கி நிற்கிற படம். கீழே பெயர், தேதி, முகூர்த்த நேரம், மண்டபம். அவருடைய சிநேகிதர்களுக்குப் புத்தி அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை.

காலை ஆறே முக்காலுக்கு, அறையில் நான் தனியாக இருந்தபோது ஒரு பெண் வந்தாள். பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்ததும் புடவைக்குக் கீழே பழுப்பு ஷூ தெரிந்தது. போலீஸ் ஷூ.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"நான் ஏட்டு சசிகலா. பயப்படாதம்மா, சத்தமில்லாம முடிச்சுக்கலாம். தாலி கட்டட்டும், அப்புறமா கூட்டிட்டுப் போறோம். மாப்பிள்ளைகிட்ட இப்பத்தான் பேசிட்டு வந்தேன்."

"எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"அந்த மறியல் கேஸுதான். நாலு வாய்தா போகல, பிடிவாரண்ட் போட்டுட்டாங்க. பதினாலு மாசமா தேடறோம், ஓசூர்ல எங்க வேலை செய்யறாருன்னே தெரியல. நேத்து பஸ்ல வரப்ப பாத்தா, நாளு, நேரம், எடம் எல்லாம் போட்டு நிக்கறாரு." சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உனக்கு எல்லாம் தெரியும்னாரே?"

நாலு மாதமாகத் தினமும் போனில் பேசியவர். குருமாவில் பட்டாணி போடலாமா என்று கூட என்னைக் கேட்டவர். வழக்கு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அப்பாவிடம் ஓடவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் மண்டபமே இரண்டாகும். முதலில் அவர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் மணவறையில் போய் உட்கார்ந்தேன்.

ஏழரைக்கு முகூர்த்தம் முடிகிறது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. பந்தி வாசலில் சசிகலாவோடு இரண்டு ஆண்கள், சாப்பிடப் போகாமல் மேடையையே பார்த்தபடி நின்றார்கள். தட்டு அவர்களிடமும் போனது. மூன்று பேரும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"வாரண்ட் இருக்குதாமே," என்றேன், பூவரசன் பக்கம் திரும்பாமல்.

அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. "கட்டினப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், வாணி."

"ஏன் அப்புறம்?"

"முன்னாடி சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவியோன்னு பயம்."

தண்ணீருக்காகத் தெருவில் நின்றதை நான் தப்பென்று சொல்வேனா? என்னைக் கட்டிப்போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாரே, அதுதான் சுட்டது. தட்டு மேடைக்கு வந்துவிட்டது. கெட்டிமேளம் கொட்டியது. தாலி என் கழுத்தருகே வந்தபோது அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

மேளம் தடுமாறி நின்றது. அப்பா, "என்ன கண்ணு?" என்று ஓடி வந்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றேன். "எல்லாருக்கும் கேக்கட்டும்."

முந்நூறு பேர் பார்த்தார்கள். மண்டபக் கடிகாரத்தில் ஏழு இருபத்திரண்டு. பஸ்ஸை மறித்த மனுஷன் கையிலிருந்த தாலியையே பார்த்தார். சொல்லாவிட்டால் எழுந்துவிடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.

"எம்மேல பிடிவாரண்ட் இருக்குதுங்க," என்றார். அப்புறம் இன்னும் சத்தமாக, "வாணிகிட்ட மறைச்சேன். மாமாகிட்டயும் மறைச்சேன். தாலி கட்டினதும் போலீஸ் கூட்டிட்டுப் போயிடும்."

அப்பா மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். "எந்திரி கண்ணு, வூட்டுக்குப் போலாம்," என்று அப்பா கத்தினார். பூவரசன் தடுக்கவில்லை. தாலியை ஏந்தியபடி அப்படியே இருந்தார், போவதென்றால் போ என்பதுபோல. அதைப் பார்த்த பிறகுதான் நான் கையை எடுத்தேன்.

"கட்டுங்க," என்றேன்.

ஏழு இருபத்தெட்டுக்கு மூன்றாவது முடிச்சு விழுந்தது.

வாசலில் அதே பிளக்ஸின் அடியில் சசிகலா ஒரு தாளை நீட்டினாள். கைதைத் தெரிவித்ததற்கு உறவினர் கையெழுத்து வேண்டுமாம். மாமியார் கை நீட்டினார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். கோபம் தீரவில்லை, எழுத்துக் கோணல்மாணலாகத்தான் வந்தது. உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று நான் முதன்முதலில் எழுதியது அந்தத் தாளில்தான்.