துப்பாக்கிக்கு வாங்கிய கால்

பிரான்சிலிருந்து வக்கான்ஸ் என்கிற விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் ஊர்ப்பட்ட பேருக்குப் பங்கு உண்டு. சித்திக்கு சீஸ், மாமாவுக்கு ஒரு புட்டி, பிள்ளைகளுக்கு சாக்லேட். முதலியார்பேட்டை லூர்துபிரகாஷ் தன் அக்கா ரோசாவிடம் கேட்டது மட்டும் வீட்டில் யாருக்கும் விளங்காத சாமான். பைபாட். துப்பாக்கிக் குழலுக்கு அடியில் மாட்டித் தரையில் ஊன்றுகிற இரட்டைக் கால்.

"அறநூத்தி எம்பது கிராம்டா தம்பி" என்று ரோசா பெட்டியைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்தாள். "வீட்டுத் தராசுல நிறுத்துப் பாத்தேன். சித்தியோட சீஸ எடுத்துட்டுத்தான் இத வச்சேன். அவங்க இனிமே என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

விலையைக் கேட்ட லூர்துபிரகாஷின் மனைவி ஆஷ்லின் அவனைப் பார்த்தாள். துப்பாக்கி காற்றுத் துப்பாக்கிதான், லைசென்ஸ் வேண்டாதது. அதன் விலையைப்போல இரண்டு மடங்கு இந்தக் காலுக்கு.

"சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்காப் பணம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

லூர்துபிரகாஷ் பைபாடின் திருகைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறவன். பதினெட்டு வருஷமாக அதே வேலை. பச்சைக் குழந்தையின் நூல்போன்ற நரம்பிலும் ஒரே குத்தில் எடுப்பான். அவனுடைய டியூட்டி எப்போது என்று கேட்டுவைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் இருந்தார்கள். ஆறு மாதமாக இரண்டாவது குத்து தேவைப்பட்டது. ஊசி சரியில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமை சுடப்போனால் குண்டு எங்கெங்கோ போனது. பழைய பைபாட் மட்டமான சரக்கு, திருகு தேய்ந்துவிட்டது என்றான். அது நிஜமாகவே ஆடியது, அதனால் அவனுக்கு வசதியாகப் போயிற்று. நல்ல கால் வந்தால் குண்டு நேராகப் போகும், குண்டு நேராகப் போனால் கையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் தூங்கினான் பாவம்.

ஞாயிறு காலை அரியாங்குப்பத்தில் அன்வருதீனின் தென்னந்தோப்புக்குப் போனான். நாலைந்து பேர் சேர்ந்து சுடுகிற இடம் அது. கோடியில் மண்மேடு, அதன் முன்னால் காகிதக் குறி. அன்று இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

அன்வருதீன் பைபாடைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நானு மண்ணு மூட்டைய வச்சு சுடறேன். அம்பது ரூவா. இந்தக் கனத்தத் தூக்கினு அலையணுமா?"

"நடக்கறவனுக்குத்தான் பாய் கனம் பாரம். படுத்து சுடறவனுக்கு அதான் பலம்."

"பேச்சு நல்லாத்தான் இருக்குது. மாட்டு, பாப்போம்."

மாட்டினான். கால்களை மண்ணில் ஊன்றினான். பின்கட்டைக்கு அடியில் அன்வருதீனின் சிறு மூட்டையைக் கொடுத்தான். துப்பாக்கி தானாகவே நின்றது. அவன் பாயில் குப்புறப் படுத்து, எதையும் தொடாமல் லென்ஸில் கண்ணை வைத்தான்.

கறுப்புப் புள்ளியின்மேல் சிலுவைக்கோடு எழுதிவைத்ததுபோல் இருந்தது. துளி அசைவு இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து மட்டைகள் எங்கோ வெகுதூரத்தில் சலசலத்தன. காகிதத்தின் விளிம்பில் ஒரு எறும்பு ஊர்ந்தது. அதன் கால்கள்கூடத் தெரிந்தன. வெயில் மிதந்து மிதந்து இறங்கியது. தான் படுத்திருப்பதே அவனுக்கு மறந்தது. உடம்பு இல்லாத ஒரு கண் மட்டும் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் போய்க் குடியிருந்ததுபோல் இருந்தது. எத்தனை நேரம் போயிற்றோ, இப்படியே இருந்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது.

பிறகு பிடியில் கை வைத்தான். சிலுவைக்கோடு துடித்தது.

கையை எடுத்தான். நின்றது. வைத்தான். துடித்தது. மூச்சை அடக்கி, உள்ளங்கையை சட்டையில் துடைத்து, மூன்றாம் முறையும் வைத்துப் பார்த்தான். எறும்பும் காகிதமும் தோப்பும் சேர்ந்து நடுங்கின. சொல்லிக்கொள்ள வேறு திருகு இல்லை.

"நீங்க சுடுங்க பாய்" என்று எழுந்தான்.

அன்வருதீன் அதே துப்பாக்கியில் ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஒரே ஓட்டையில் போயின. அடுத்து லூர்துபிரகாஷ் ஐந்து சுட்டான். அதில் இரண்டு குண்டு காகிதத்திலேயே படவில்லை. அன்வருதீன் போய்க் காகிதங்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவனுடையதைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார், பிறகு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்னா பிரகாஷு, குடுத்த காசுக்குத் தகுமா?"

"தகும் பாய்" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது ரோசா மாதாகோவில் பூசைக்குப் போயிருந்தாள். ஆஷ்லின் காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் டம்ளரைத் தொடவில்லை.

"ஆஷ்லின், கால் நல்லாத்தான் இருக்குது. எங் கைதான் நடுங்குது. நாளைக்கு ஜோவிதாகிட்ட ஊசியக் குடுத்துட்டு டாக்டரப் பாக்கறேன். இனிமே அந்தப் பிள்ளைங்கள நான் குத்தக்கூடாது."

ஜோவிதா அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவள். அவனிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

ஆஷ்லின் ஆச்சரியப்படவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எனக்குத் தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஆறு மாசமா உங்களுக்கு முக்கா டம்ளர்தான ஊத்தறேன், தளும்பக்கூடாதுன்னு."

அவன் டம்ளரைப் பார்த்தான். பால் விலை ஏறியதால் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான்.