தறிக்குழியில் வந்தது

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு காலையில், சுலோச்சனா தறிக்குழிக்குள் காலை விட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தாள். கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் துளசிங்கம் நூல் வாங்க ஆர்.கே.பேட்டைக்கு பஸ் ஏறியிருந்தான்.

பாதத்தின் மேல் ஈரமாக, கனமாக ஏதோ ஏறியது. எலி என்று நினைத்துக் குனிந்தாள். நல்ல பாம்பு.

உதறிவிடத்தான் கால் துடித்தது. எகிறி எழுந்தால் மிதிகட்டையில் கால் மாட்டும், மாட்டினால் கொத்தாமல் விடாது என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. அசையாமல் உட்கார்ந்தாள்.

"அத்தை, கிட்ட வராதீங்க. காலு மேல பாம்பு இருக்குது."

மாமியார் வள்ளிநாயகி போட்ட கூச்சலில், புருஷனின் அண்ணன் ஜம்புலிங்கம் உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே எதிர்வீட்டுச் சிங்காரம்.

"ஒதறிட்டு எகிறும்மா! ஒரே போடா போட்றேன்" என்றார் ஜம்புலிங்கம்.

அவர் முன்னால் அவள் நிமிர்ந்து பேசியதே கிடையாது.

"போடாதீங்க பாவா."

"என்னா?"

"ஒலக்கை என் காலு மேலயும்தான் விழும். நீங்க திமுதிமுன்னு வரவும் அது படம் எடுக்குது பாருங்க. பின்னால போங்க."

முழங்காலுக்குப் பக்கத்தில் படம் விரிந்து நின்றது. ஜம்புலிங்கத்தின் முகம் சிவந்தது. "நேத்து வந்த பொம்பளை, எனக்குச் சொல்றியா?"

"ஆங், சொல்றேன். காலு என்னுது."

சிங்காரம்தான் அவர் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். வள்ளிநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். சுலோச்சனாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கால் மரத்துப்போனது. வெகுநேரம் கழித்துப் படம் சுருங்கியது. பாம்பு குழியின் விளிம்பேறி, பின்கட்டு வாசலைப் பார்த்து ஊர்ந்தது. வாலும் படி தாண்டிய பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

ஜம்புலிங்கம் உலக்கையோடு பாய்ந்தார். அவள் குழியைவிட்டு எழுந்து, அவருக்கு முன்னால் வாசலுக்குப் போய், இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வழி விடு."

"விட மாட்டேன். போய்கினு இருக்கறதை எதுக்குத் தொரத்தறீங்க? அடிபட்டா உங்க மேலதான் திரும்பும்."

தம்பி பெண்டாட்டியைத் தொட்டு நகர்த்த முடியாமல் அவர் உலக்கையை வீசி எறிந்தார். அதற்குள் பாம்பு வேலிக்கு அப்பால் போய்விட்டது.

சாயந்திரம் துளசிங்கம் வந்ததும் வள்ளிநாயகி ஆரம்பித்தாள். "பாம்பு காலு மேல ஏறனா தோசம்டா. இவளை மலைக்கு இட்டுகினு போய் மொட்டை போட்டுகினு வா."

துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா சொல்றாங்க இல்ல" என்றான்.

"வளையில மழைத்தண்ணி பூந்துச்சு, அது மேல வந்துச்சு. அதுக்கு என் முடியை எதுக்கு எடுக்கணும்?" என்றாள் சுலோச்சனா. "முருகனைப் பாக்கணும்னா நானே படியேறுவேன். தோசம்னு சொல்லி என்னை யாரும் ஏத்த முடியாது."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உனக்குப் பயமே இல்லியா?"

"ஏன் இல்லாம? கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. பயந்தா எகிறணுமா?"

மறுநாள் குழியின் ஓரத்திலிருந்த பொந்தில் செங்கல் துண்டும் களிமண்ணும் போட்டு அடைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தாள்.

பொங்கல் வரைக்கும் ஜம்புலிங்கம் அவளோடு பேசவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை. காலையில் காபியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பாள். முன்னைப்போலத் தலையைக் குனிந்துகொள்ளாமல், நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.