ஐந்து கட்டுகளின் பின்பக்கம்

பல் டாக்டர் கதவைத் தட்டினாலே அவள் தன்னை அறியாமல் உதடுகளை இறுக்கிக்கொள்வாள். இருபது வருடப் பழக்கம். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை அவர் கையில் இருந்தது ஒரு பழுப்பு உறை மட்டும்தான்.

"அண்ணி, புரூஃப் வந்தாச்சு. ஒரு பார்வை பார்த்துட்டு ஓரத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா திங்கக்கிழமை மெஷின்ல ஏத்திடுவாங்க."

"உங்க அண்ணன் எழுதினதை நான் என்னத்தைத் திருத்தப்போறேன்?"

"திருத்த வேண்டாம். சும்மா ஒரு பார்வை. அட்டையில அண்ணன் பேரு தங்க எழுத்துல வருது, பாருங்க."

அண்ணன் என்றால் அவள் கணவர்; பல் டாக்டருக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. ஃப்ரீமேசன் சங்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சகோதரர். கல்யாணத்தின்போது பேருக்கு ஒரு கொழுந்தன்கூட இல்லாமல் வந்தவளுக்கு, அந்த உறவுமுறையால் நாற்பது கொழுந்தன்மார் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் கூடும் இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். கல்யாணமான புதிதில் அவள் கணவர், "லாட்ஜுக்குப் போறேன், வர நேரமாகும்" என்று மாமியாரிடமே சொல்லிவிட்டுப் போக, அந்த அம்மாள் மகளை உள்ளே கூப்பிட்டு, "பெட்டியைக் கட்டு, கிளம்பு" என்றது அந்த வீட்டில் நெடுநாள் சிரிப்பு.

பதினெட்டு வருடம் அந்த லாட்ஜின் செயலாளராக இருந்தார் அவர். லாட்ஜுக்கு நூறு வயது ஆகப்போகிறது, சிறப்பு மலர் போடலாம் என்று முடிவானபோது, முதல் கட்டுரை அவர் தலையில் விழுந்தது: கொத்தனார் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்ட இந்த ஃப்ரீமேசன்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்றவர் மூன்று வருடம் எடுத்துக்கொண்டார். கட்டுரை புத்தகமாக வீங்கியது. சாப்பாட்டு மேசையில் ஐந்து காகிதக் கட்டுகள் சேர்ந்தன. ஒரு கட்டுக்கு ஒரு பதில். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில், எழுந்திருக்காமலே போய்விட்டார்.

அந்த வாரமே பல் டாக்டர் வந்து கட்டுகளை வாங்கிக்கொண்டு போய், நகல் எடுத்து, இரண்டே நாளில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டார். அவள் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவர் கையெழுத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு வரவில்லை.

இப்போது அச்சில் படிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சிலுவைப்போர் காலத்து டெம்ப்ளர் வீரர்களைப் பற்றிய கதை அது. பாதித் துறவிகள், பாதிப் போர்வீரர்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசன் அவர்களை ஒரே நாளில் வளைத்துப் பிடிக்கிறான். தப்பியவர்கள் ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறார்கள். கல்தச்சர் வேடத்தில் ஒளிந்து ரகசியங்களைக் காக்கிறார்கள். அவர்களின் வாரிசுகளே ஃப்ரீமேசன்கள்.

வாக்கியங்கள் அவருடையவைதான். இருந்தும் நாற்பது பக்கம் தாண்டியும் ஏதோ உறுத்தியது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினாள். பிறகுதான் பிடிபட்டது: எங்கேயும் ஒரு 'ஆனால்' இல்லை. சட்டை வாங்கப் போனால்கூட "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று கடைக்காரரைத் தவிக்கவிடுகிற மனுஷர் அவர்.

"மிச்ச நாலு கட்டு எங்கே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அண்ணன் யோசிச்சுப் பார்த்துட்டு விட்டது, அண்ணி. இந்தக் கட்டுதான் ரொம்பத் தடியா இருந்துச்சு. அப்ப இதுதானே முடிவு?"

அதற்குள் வாசலில் கனத்த செருப்புச் சத்தம். கட்டட கான்ட்ராக்டர். லாட்ஜில் எல்லாருக்கும் மூத்தவர். கணுக்கால் வரை சிமெண்ட் தூசி. அச்சகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

"தங்கச்சி, கையெழுத்துப் போட்டுடாதே!"

"முதல்ல உக்காருங்கண்ணே."

"உக்கார்றதுக்கு வரலை. எங்க சின்னம் என்ன? மூலைமட்டமும் கவராயமும். இடுப்புல என்ன கட்டறோம்? வெள்ளை ஏப்ரன். இதெல்லாம் குதிரையில வந்தவன் கொண்டுவந்ததா? தூக்குக்குண்டு பிடிச்சவன் கொண்டுவந்தது! பெரிய பெரிய தேவாலயம் கட்டின கல்தச்சருங்க சங்கம்தான் நம்ம சங்கம். உன் வீட்டுக்காரரே என் சைட்டுல, ரெண்டாவது மாடியில நின்னுக்கிட்டு, 'நீ சொல்றதுல பலம் இருக்கு'ன்னு சொன்னாரு."

"என்கிட்டயும்தான் சொன்னார்" என்றார் பல் டாக்டர். "என் கிளினிக்ல, என் நாற்காலியில."

"வாயில பஞ்சை அடைச்சு வெச்சா எவனும் ஆமான்னுதான்யா தலையாட்டுவான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதத்தில் முதல்முறை. ஆனால் கணவர் பெயரில் வரப்போவது இந்த ஒரு புத்தகம்தான். அவர் நம்பாத ஒன்றை அவர் சொன்னதாகத் திங்கட்கிழமை ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டால், அப்புறம் அதை மறுக்க அவர் வரப்போவதில்லை.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஐந்து கட்டுகளையும் கொண்டுவந்தாள். தடித்த கட்டின் நாடாவை அவிழ்த்தாள். முதல் தாள், நீல மையில் அவர் கையெழுத்து. புரூஃபில் இருந்தது அப்படியே. படித்து முடித்ததும், அவள் கை தானாகத் தாளைத் திருப்பியது.

பின்பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து.

அவர் நில அளவையாளராக வேலை பார்த்தவர். அளவைத் தாளில் முன்பக்கம் எல்லைக்கோடு வரைவார். பின்பக்கத்தில், பக்கத்து நிலத்துக்காரர் என்ன ஆட்சேபம் சொன்னாரோ, அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்வார். திட்டியிருந்தால் திட்டும் இருக்கும். அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் கையை விட்டுப் போகவில்லை. நகல் எடுத்த கடைக்காரரின் மெஷின் முன்பக்கத்தை மட்டும்தான் விழுங்கியிருக்கிறது.

மங்கலான அந்தப் பென்சில் எழுத்தை அவள் சத்தமாகப் படித்தாள்.

"நானூறு வருஷம். நடுவுல ஒரு காகிதம் உண்டா? ரசீது இல்லாம, நானூறு வருஷம் கழிச்சு, நான்தான் வாரிசுன்னு ஒருத்தன் வந்து நின்னா, எங்க ஆபீஸ்ல வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம்."

அதற்குக் கீழே தேதி. அதற்கும் கீழே சின்னதாக: 'ஆட்சேபம், பீன்ஸ் நறுக்கும்போது.'

அந்தக் கடைசி வரியை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஆட்சேபம் என்பது அவள்தான். முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்த்தவள். எரிந்த கடை உண்மையில் எரிந்ததா என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. அதற்காக அவர் வைத்த செல்லப்பெயர் அது. தினமும் காலையில் அவர் எழுதியதைப் படிப்பார்; அவள் காய் நறுக்கிக்கொண்டே குறுக்கே ஏதாவது சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ கிறுக்குவார். பால் கணக்கு எழுதுகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"மேல படிங்க அண்ணி" என்றார் பல் டாக்டர், குரல் இறங்கி.

"தப்பிச்சு ஒளியறவன், கையைத் தனி தினுசாக் குலுக்கிச் சங்கம் வெச்சு நடத்தியா ஒளிவான்? ஆட்சேபம், காய்ந்த துணியை மடிக்கும்போது."

கான்ட்ராக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒரே போடு தங்கச்சி!"

"அண்ணே, அடுத்தது உங்க கட்டு" என்று இரண்டாவது நாடாவை அவிழ்த்தாள். முன்பக்கத்தில் கல்தச்சர்களின் சங்கங்கள், ஸ்காட்லாந்தில் கிடைத்த பழைய கூட்டக் குறிப்புகள், வேலை செய்கிறவர்களோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கனவான்களும் சேர்ந்த விதம், கடைசியில் ஆயிரத்து எழுநூற்றுப் பதினேழில் லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடிய செய்தி எல்லாம் வரிசையாக இருந்தன. திருப்பினாள்.

"கல் சுமக்கிறவங்க சங்கத்துல பிரபுவுக்கு என்ன வேலை? இங்கிலாந்துல ஒரு பழைய லாட்ஜ் கூட்டத்துக்கு வந்தவங்க பட்டியலைப் பாருங்க, ஒரு கொத்தனார் பேரைக் காணோம். பேரை வாங்கிக்கிட்டு ஆளை வாசல்ல நிறுத்திட்டாங்களா?"

கான்ட்ராக்டர் சிரிப்பை நிறுத்தி, காலிலிருந்த சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது கட்டு, சாலமன் அரசன் கட்டிய ஆலயத்திலேயே எல்லாம் தொடங்கியது என்ற பழங்கதை. பின்பக்கம் ஒரே வரி: "இது வரலாறு இல்லை, தாலாட்டு. நல்ல தாலாட்டு." நான்காவதில், மதச் சண்டையிலும் உள்நாட்டுப் போரிலும் அலுத்துப்போன மனிதர்கள், அந்த இரண்டையும் பேசாமல் ஒரே மேசையில் உட்கார இடம் தேடிக் கல்தச்சரின் கருவிகளைக் கடன் வாங்கினார்கள் என்று இருந்தது. அதன் பின்பக்கம்: "கேக்க நல்லா இருக்கு. அதனாலதான் சந்தேகமா இருக்கு. அவங்களே இப்படிச் சொன்னதா ஒரு வரி காட்டுங்க."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அண்ணன் எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திட்டு இருந்தாரா?"

"இல்லை தம்பி. முன்பக்கத்தை மறுபடி படிச்சுப் பாருங்க. உங்க கட்சியை உங்களைவிட நல்லாப் பேசியிருக்கார். தனக்கு ஒட்டாத கட்சிக்கு இவ்வளவு உழைக்கணும்னா, அந்தக் கட்சிக்காரன் மேல எவ்வளவு பிரியம் இருக்கணும்?"

பல் டாக்டரின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி, கடைசியா எதைத்தான் நம்பினாரு?" என்றார் கான்ட்ராக்டர்.

ஐந்தாவது கட்டில் பதினொரு தாள்தான். கடைசித் தாளில் அவர் இறந்த நாளுக்கு முந்தின தேதி. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பின்பக்கங்கள் அத்தனையும் வெறுமை.

அன்று மாலை அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. துணி உலர்த்தும் கம்பியைக் கட்டிக்கொண்டே, "நாளைக்குக் காலையில ஒண்ணு படிச்சுக் காட்டறேன். இதுக்கு உன்னால ஆட்சேபம் சொல்ல முடியாது பாரு" என்றார். "பாக்கலாம், பாக்கலாம்" என்றாள் இவள். அந்தக் காலை வரவேயில்லை.

"இதான் முடிவு!" என்றார் கான்ட்ராக்டர். "ஆட்சேபமே இல்லையே. இதையே போட்டுடலாம்."

"திங்கக்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை, அடுப்பில் தேநீருக்கு வைத்துவிட்டு, பீன்ஸைத் தட்டில் கொட்டிக்கொண்டு, ஐந்தாவது கட்டை எதிரே விரித்தாள். அவருடைய நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தபோது, ஆளில்லாத சமையலறையில் தன் குரலே கூச்சமாக இருந்தது.

எளிமையாக எழுதியிருந்தார். ஊர் ஊராக வேலை தேடிப் போகிற தொழிலாளி. அறியாத ஊர், தங்க இடமில்லை, காய்ச்சல் வந்தால் பார்க்க ஆளில்லை. தொழில் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு உதவிப் பெட்டி வைக்கிறார்கள். வந்து கேட்கிறவன் நிஜமாகவே தங்கள் ஆள்தானா என்று அறிய ஒரு சொல், ஒரு கைகுலுக்கல். ரகசியம் என்பது அவ்வளவுதான். பிறகு அந்தக் கதகதப்பு பிடித்துப்போய் மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். 'வீரமும் வேண்டாம், மாயமும் வேண்டாம். தனியாக இருக்கப் பயந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்ட இடம் இது' என்று முடித்திருந்தார்.

அதற்கு எதிராகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடலாம். அவர் ஜெயித்துவிட்டார் என்று இருக்கட்டும். செத்தவரிடம் போய் யார் வழக்காடுவார்கள்?

நான்கைந்து பீன்ஸ் நறுக்கினாள். கத்தி தட்டில் ஒரே தாளமாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு, முப்பது வருட வழக்கம்போல, அவளைக் கேட்காமலே வாய் திறந்தது.

"சரிதான். ஆனா பெட்டி எல்லாத் தொழில்காரங்களும் வெச்சிருந்தாங்களே? தச்சர் வெச்சிருந்தார், தையல்காரர் வெச்சிருந்தார். அந்தப் பெட்டியெல்லாம் எங்க போச்சு? இது மட்டும் ஏன் இத்தனை நாள் நின்னுது? அதைச் சொல்லலையே நீங்க?"

நாற்காலி பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொள்ளும் காலைகளும் எத்தனையோ இருந்திருக்கின்றன. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவருடைய பென்சிலை எடுத்துச் சீவி, பதினோராம் தாளின் பின்பக்கத்தில் சொன்னதை அப்படியே எழுதினாள். தேதி போட்டாள். 'ஆட்சேபம், பீன்ஸ் நறுக்கும்போது.' தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்திருந்தது.

திங்கட்கிழமை, அவள் கேட்டுக்கொண்டபடி, அச்சகத்தில் வேலை நின்றது. புத்தகம் மூன்று வாரம் தள்ளி வந்தது. ஐந்து கட்டுகளும் இருந்தன; இடது பக்கம் முன்பக்கங்கள், வலது பக்கம் பின்பக்கங்கள். முடிவுரை இல்லை. புதுப் புரூஃபில் 'ஆட்சேபங்கள்: அவரது மனைவி' என்று போட்டிருந்ததை அடித்துவிட்டு, அவர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அச்சகக்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர், "அவங்க சொன்னபடி போடுய்யா" என்றார்.

லாட்ஜின் நூற்றாண்டு விழா முடிந்த பத்தாம் நாள் காலை மறுபடி கதவு தட்டப்பட்டது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு திறந்தாள். பல் டாக்டர் கையில் நான்கு தாள்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதியவை.

"அண்ணி, அந்த நானூறு வருஷத்துக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். கான்ட்ராக்டரும் வந்துட்டிருக்கார், அவரும் ஏதோ எழுதியிருக்காராம். முதல்ல நான் படிச்சிடறேனே?"

அவள் அவருடைய நாற்காலியைக் காட்டினாள். ஒரு கணம் தயங்கிவிட்டு, பல் டாக்டர் உட்கார்ந்தார்.

"சத்தமாப் படிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் காய்த் தட்டையும் பென்சிலையும் எடுத்துவரப் போனாள்.