போட்டிக்கு ஆளில்லாத இடம்

அலுவலகத்தில் அவளுக்கு அரணைக்காரி என்று பட்டப்பெயர். சாலை வரப்போகும் நிலத்திலிருந்து அரணைகளைப் பிடித்து வேறிடத்தில் குடிவைப்பது அவள் வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் பொக்லைன் நகரும். அதை ஓட்டுபவன் அவளுடைய சொந்தத் தம்பி. அக்கா தாமதித்தால் தம்பிக்கு மேஸ்திரியிடம் வசவு.

அலைந்து திரிந்ததில், பழைய கிடங்குக்குப் பின்னால் ஒரு சரிவு அகப்பட்டது. காலை வெயில் நேராக விழும், தண்ணீர் தேங்காது. அங்கே கற்களைக் குவித்தாள், பட்ட மரத்துண்டுகளைப் போட்டாள், ஒளிந்துகொள்ளத் தகரம் விரித்தாள், பூனை நுழையாமல் வேலி அடைத்தாள். எத்தனை முறை தேடியும் அந்தச் சரிவில் ஓர் அரணைகூடத் தென்படவில்லை. "போட்டிக்கு ஆளில்லை, இடம் உகந்தது" என்று அறிக்கையில் எழுதினாள். நல்ல வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தால், ஏன் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாட்டோமா? அத்தனை படித்தவளுக்கு அது தோன்றவில்லை.

நாற்பத்தொரு அரணைகளை அங்கே விட்டாள். தம்பிக்குக் கையெழுத்தும் ஆயிற்று.

நான்காம் நாள் உச்சிப்பொழுதில் பார்க்கப் போனாள். தகரத்தைத் தூக்கினால் அடியில் ஒன்றுமில்லை. எறும்புகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேலியோரம் வரிசையாக, வந்த திசையைப் பார்த்தபடி அரணைகள் தலைதூக்கிக் கிடந்தன. அரணைக்கு மறதி என்பார்கள். இவை எதையும் மறந்திருக்கவில்லை. அவள் நிழல் மேலே விழுந்தும் ஒன்றும் ஓடவில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், வண்டிய நிறுத்துடா. எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவரேன்."

"விளையாடாதக்கா. காலைலயே மட்டம் பண்ணியாச்சு. ஒரு கல்லுகூட மிச்சமில்ல."

"இங்க என்னமோ சரியில்லடா."

"நீதானே நல்ல இடம்னு எழுதிக் குடுத்த?"

போனைத் துண்டித்தாள். எங்கேயாவது கொண்டுபோகலாம், முதலில் இங்கிருந்து எடுத்தால் போதும் என்று துணிப்பையைத் தரையில் விரித்து வைத்தாள். பிடிக்க வேண்டியே இருக்கவில்லை. மூன்று வாரம் அவளுக்குத் தண்ணி காட்டிய அரணைகள், தாமாகவே ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் ஏறின. எண்ணினாள். நாற்பது.

வராதது, வயிற்றில் முட்டையோடு அவள் கடைசியாகப் பிடித்தது. கற்குவியலிடம் போனாள். அந்த வெயிலிலும் கற்கள் சில்லென்றிருந்தன. இடுக்கில் கையை நுழைத்துத் துழாவினாள். உள்ளே எதுவோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. அவசரமே இல்லாமல் தொட்டது.

கையை உருவிக்கொண்டாள். இன்னொரு முறை நுழைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அரணையைக் கொண்டுவந்து விட்டவளே அவள்தான். பையின் வாயைக் கட்டினாள். நாற்பதோடு வேலியைத் தாண்டி ஓடினாள்.