பச்சை ஃபைலில் இரண்டு கையெழுத்து

அன்று காலை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே பேச்சு: பெட்ரீசியா விலை போய்விட்டாள். கலாதேவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்ரீசியாவாவது, விலை போவதாவது!

துப்புரவுக் குத்தகை எடுக்கும் கொந்த்ராக் கம்பெனி மாறும்போதெல்லாம் ஈப்போ ஆஸ்பத்திரியில் இதே கூத்துதான். பழைய கம்பெனி மூட்டை கட்டும். புதியது வந்து, அதே ஆளுக்கு அதே வார்டில் அதே மாப்பைக் கையில் கொடுத்து, நீ இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று கூசாமல் சொல்லும். பத்தொன்பது வருஷத்தில் கலாதேவி இப்படி நான்கு முறை ‘இன்றைக்குத்தான்’ சேர்ந்திருக்கிறாள். லீவு நாளெல்லாம் மறுபடி அடியிலிருந்து தொடங்கும். முன்பெல்லாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். இந்த முறை அப்படி முடியாது. முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். புது ஆள் என்றால் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் காலை நீட்டிப் படுத்தவளை வீட்டுக்கு அனுப்ப எவன் யோசிப்பான்?

அதனால்தான் சங்கம் இந்த முறை விடாப்பிடியாக நின்றது. பெட்ரீசியா சங்கத்தின் கிளைச் செயலாளர். வார்டு வார்டாக ஏறி இறங்கி, பழைய சர்வீசை ஒத்துக்கொள்ளும் வரை கம்பெனி நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தொண்டை வற்றச் சொன்னவள் அவள். ஒரு வாரம் எல்லோரும் கட்டுக்கோப்பாகத்தான் இருந்தார்கள். இன்றைக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு தாளின் நகல் தொங்குகிறது. நாங்கள் புதிய தொழிலாளர்கள் என்று ஒப்புக்கொள்கிறோம் என்று மலாயில் நான்கு வரி. கீழே முப்பத்தோரு கையெழுத்து. முதல் வரியில் கலாதேவி. இரண்டாவது வரியில் பெட்ரீசியா. செயலாளரே போட்டுவிட்டாளே, நமக்கென்ன என்று மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள்.

கலாதேவி போர்டின் முன்னால் நின்று தன் பெயரையே மூன்று முறை பார்த்தாள். தன் கைதான், சந்தேகமில்லை. ஆனால் எப்போது போட்டாள்? வயசாகி மறதி வந்துவிட்டதா? இல்லை, தாளுக்குக் கால் முளைத்து அதுவே வந்து வாங்கிக்கொண்டு போனதா?

பெட்ரீசியா கோப்பெங் பஸ்ஸை விட்டிறங்கி ஓடிவந்தபோது மணி ஏழு பத்து. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் படித்தவள் கலாதேவி பக்கம் திரும்பினாள்.

“நான் போடலக்கா. அந்தோணியார் சத்தியமா போடல. கம்பெனிக்காரன் என் கையெழுத்தக் களவா போட்டிருக்கான். மத்தியானம் போலீஸ்ல ரிப்போட் கொடுக்கப் போறேன்லா.”

கொடு, விடாதே என்று கலாதேவியும் சூடாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது வரியைப் பார்த்தாள். பெட்ரீசியாவின் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் இரண்டு புள்ளி வைத்திருந்தது. பெட்ரீசியா புள்ளி வைக்க மாட்டாள். அந்தப் புள்ளியை வைப்பது வேறு ஒருத்தி.

வேறு யாருமில்லை, கலாதேவியேதான்.

கோப்பெங் பஸ் ஏழு மணிக்குள் வந்த சரித்திரம் கிடையாது. புந்தோங்கிலிருந்து ஆறே முக்காலுக்கே வந்துவிடும் கலாதேவி, பத்தொன்பது வருஷமாகப் பச்சை ஃபைலில் வருகைக்கு இரண்டு கையெழுத்துப் போட்டு வருகிறாள், தனக்கொன்று, பெட்ரீசியாவுக்காக இரண்டு புள்ளியோடு ஒன்று. அதற்குப் பதிலாக, முழங்கால் மடங்காத கலாதேவியின் பங்குக் கழிவறைகளைப் பெட்ரீசியா தேய்த்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை கம்பெனி சூப்பர்வைசர் ஜெயபாலன் அதே பச்சை ஃபைலில் இந்தத் தாளைச் சொருகி வைத்திருக்கிறான். கலாதேவி கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பல்பட்டு, கை பழகின பழக்கத்தில் இரண்டையும் போட்டுத் தள்ளியிருக்கிறாள் மகராசி.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பெட்ரீசியாவின் மானம் போகும், சங்கம் சிதறும், போலீஸ் வேறு வந்து நிற்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர். பத்து மணித் தேநீர் வரை ஒரே தரையை நான்கு முறை துடைத்தாள். கேண்டீன் பின்பக்கம் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்தாள்.

“போலீசுக்குப் போவாத பெட்ரீசியா. நான்தான் போட்டேன். பத்தொம்பது வருசமா நான்தான் போடுறேன்.”

பெட்ரீசியா தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் கலாதேவிக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு அழுதிருக்கலாம். கூட்டம் தலைக்கொன்றாகப் பேசியது. அப்படியானால் நாம் போட்டது செல்லுமா, செல்லாதா என்று எல்லோரும் கலாதேவியைக் கேட்டார்கள். அவளுக்கு என்ன தெரியும்? பேச்சு ஜெயபாலன் காதுக்கும் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஜெயபாலன் கம்பெனி எழுதிய சூராட்டை, அதாவது கடிதத்தை, நீட்டி, வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டான். கலாதேவி இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பெயருக்கு நேரே மட்டும் போட்டாள். கடிதத்தின் மலாய் அவளுக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல், மூன்று நாளாகப் பேசாத பெட்ரீசியாவிடமே கொண்டுபோனாள்.

பெட்ரீசியா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினாள். முதல் வாக்கியத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்பின் நடுவிலேயே கண்ணைத் துடைத்தாள். கலாதேவிக்குப் பயம் வந்துவிட்டது.

“சிரிக்காதடி. வேல போச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

“அது தெரியலக்கா. என்ன எழுதியிருக்கான் கேளுங்க. இந்த ஆஸ்பத்திரியில பத்தொம்பது வருசமா துப்புரவு வேல செஞ்சு வர்ற நீங்க, அத்தன வருசமும் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம், விளக்கம் கேக்குறான். நேத்து சேர்ந்த ஆளு பத்தொம்பது வருசம் எப்படிக்கா தப்பு செய்ய முடியும்? நம்ம பழைய சர்வீச அவனே ஒத்துக்கிட்டு எழுதி, கம்பெனி முத்திர சாப் அடிச்சுக் கொடுத்திருக்கான்லா.”

கலாதேவிக்கு அப்போதும் முழுசாக விளங்கவில்லை. குற்றப் பத்திரிகை எப்படி நல்ல சேதியாகும்? அதை அவள் கேட்பதற்குள் ஜெயபாலன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ஆபிசில் ஏதோ தப்பாக எழுதிவிட்டார்களாம், அந்த சூராட்டைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள் அக்கா என்று கையை நீட்டினான்.

அந்த நீட்டிய கையைப் பார்த்ததும்தான் கலாதேவிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது. கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“கையெழுத்துப் போட்டுத்தானே தம்பி வாங்குனேன்,” என்றாள். “என் கையெழுத்துதான்.”